கை என்னுது, வார்த்தை என்னுது இல்லை

பேச்சியம்மாள் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, கடைக்காரர் தவறுதலாகக் கட்டிக் கொடுத்த சாமானைத் திருப்பித் தருவதுபோல, மரியாதையாக என்னிடமே நீட்டினாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா."

வெளியே நல்ல மழை. மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடி அது. கீழே மூட்டை மூட்டையாகச் சுக்கு. அதன் காரமான வாசனை பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக மேலே வந்து, உலர்த்தப் போட்டிருந்த துணிகளில்கூட ஏறியிருந்தது. மாடியில் ஒன்பது அறைகள், ஒன்பது குடும்பங்கள். எல்லோரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைத்துத் தரம் பிரிக்கிறவர்கள். அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேப மனு கொடுக்காவிட்டால் ஒன்பது அறைகளையும் காலி செய்ய வேண்டும். அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, மூன்று வாய்தாக்களுக்கு நடுவில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய மனு அது. அதுவும் தமிழில். போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் வழக்கில் நான் உளறியதைப் படித்துச் சிரித்தவர்கள் இந்த வாரமும் சிரிக்கலாம். முப்பது வருடத்துக்குப் பிறகு செய்த தவறு என்பதால் இது இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

நோட்டீசும் அதன் வாலும்

பேச்சியம்மாள் என்னைத் தேடி வந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையில் நோட்டீசைச் சுருட்டி வைத்திருந்தாள். "தமிழ் பேசுற வக்கீலம்மா இருக்காங்கன்னு சாயாக்கடைச் சேட்டன் சொன்னாரு" என்றாள்.

நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கேரளத்தில் அரசு அலுவலகம் மலையாளத்தில்தான் எழுதும். கட்டடம் பழசு, இடிந்து விழும் அபாயம் இருக்கிறது, எனவே காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று முறையாகவே எழுதியிருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன்.

பிரச்சினை அதற்குப் பின்னால் குண்டூசியில் குத்தியிருந்த நகலில் இருந்தது. "கீழே ஒப்பமிட்டிருக்கும் நாங்கள் எங்கள் முழுச் சம்மதத்துடன் அறைகளைக் காலி செய்து தருகிறோம், திரும்பி வர உரிமை கோர மாட்டோம்" என்ற கடிதம், அதுவும் மலையாளத்தில். அடியில் நான்கு கையெழுத்து, ஐந்து கைநாட்டு. முதல் கையெழுத்து வட்ட வட்டமாக, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை எழுதியதுபோல: மு. பேச்சியம்மாள்.

"இது நீ போட்டதுதானே?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணிக் குழாய்க்கு எழுதிக் குடுக்குதோம்னு கிடங்கு மேனேஜர் சொன்னாருக்கா. நான் போட்டதப் பாத்துத்தான் மத்தவங்களும் போட்டாங்க."

சாயாக்கடைச் சேட்டன் வாசித்து விஷயம் தெரிந்த பிறகும் மற்றவர்கள் அவளை ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மாடியில் பத்தாம் வகுப்புவரை படித்தவள் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் நான் என் வித்தையைக் காட்டினேன். "கவலைப்படாதே. மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். அரசமைப்புச் சட்டத்தில் முந்நூற்று ஐம்பதாவது பிரிவு அப்படித்தான் சொல்லுது. குறை இருக்கிற யாரும், எந்த அதிகாரிக்கும், இந்த நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம். நீ வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மதி, அது போதும்."

"நெசமாவாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஹாஸ்டல் சுவரில் ஒரு சார்ட்

அந்தப் பிரிவை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எர்ணாகுளத்தில் சட்டம் படித்த காலத்தில் என் அறைத்தோழி ரம்லா. இடக்கொச்சிக்காரி, மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். பரீட்சைக்குப் படிக்க நாங்கள் ஒரு பெரிய சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இடது பக்கம் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம், வலது பக்கம் நம் அரசமைப்புச் சட்டம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப்பட்டவை. ஒரே தெருவில் ஒரே சமயத்தில் வீடு கட்டுகிறவர்கள் நூலும் மட்டப்பலகையும் மாற்றி வாங்கிக்கொள்வார்கள் இல்லையா, அப்படித்தான் இந்த இரண்டும். அங்கே உட்கார்ந்து "எல்லா ஆண்களும்" என்றிருந்ததை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்த நம் நாட்டுப் பெண்மணி, இங்கே நம் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தார். அதைப் படித்த அன்று ரம்லா எனக்குப் பரிப்புவடை வாங்கித் தந்தாள்.

சார்ட் வேகமாக நிரம்பியது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அங்கே ஏழில் இருப்பது இங்கே பதினாலில் இருக்கிறது. அடிமைத்தனம் கூடாது என்று அங்கே நாலு சொன்னால், ஆளை விற்பதும் கட்டாய வேலையும் கூடாது என்று இங்கே இருபத்து மூன்று சொல்கிறது. உரிமை பறிபோனால் நீதிமன்றம் போகலாம் என்ற அங்கத்திய எட்டு இங்கே முப்பத்திரண்டு. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் எங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷம்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம். ஒன்று, வீடு. தங்க இடம் மனிதனின் உரிமை என்று பிரகடனத்தின் இருபத்தைந்து சொல்கிறது. நம் அடிப்படை உரிமைகளில் அந்தச் சொல்லே இல்லை. உயிர்வாழும் உரிமையைத் தரும் இருபத்தொன்றாவது பிரிவுக்குள் தலைக்கு மேல் கூரையும் அடக்கம் என்று நீதிமன்றங்கள் பின்னால் வாசித்துச் சொன்னதால், அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.

மற்றது, மொழி. மொழியை வைத்து யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று அங்கே இரண்டாவதில் இருக்கிறது. இங்கே பதினைந்தில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் உண்டு, மொழி இல்லை. ரம்லா என்னைப் பார்த்து, "நின்னெ மறந்து போயி மோளே" என்று சிரித்தாள். உன்னை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசுகிற எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் தேடினேன். சிறுபான்மையினர் தங்கள் மொழியைக் காத்துக்கொள்ளலாம் என்று இருபத்தொன்பதில் ஒன்று கிடைத்தது. அப்புறம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், ஆட்சிமொழி பற்றிய அத்தியாயத்தில், யாரும் பரீட்சைக்குக் கேட்காத மூலையில் இருந்தது இந்த முந்நூற்று ஐம்பது. அடிப்படை உரிமை என்ற பட்டம்கூட இல்லாத எளிய பிரிவு. எழுதியவர்கள் எங்களை மறக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சட்டப் புத்தகம் படித்து அழுதது அந்த ஒரு முறைதான்.

சார்ட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதினேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை.

எங்கள் வீட்டுத் தமிழ்

இப்போது அந்த மாடிக்குத் திரும்பலாம்.

"ஏன் கையெழுத்துப் போட மாட்டே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

"இது அதே எழுத்துதானக்கா."

"எது?"

"நோட்டீசுல இருந்த எழுத்து."

நான் காகிதத்தைப் பார்த்தேன். மலையாள எழுத்து. மேலிருந்து கீழ்வரை மலையாள எழுத்து.

இதை எப்படி விளக்குவது? பாலக்காட்டிலிருந்து என் அப்பா கொச்சிக்கு வந்து பாத்திரக்கடை வைத்தார். நாங்கள் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசுவது தமிழ். எழுத வேண்டி வந்தால் அந்தத் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவோம். அப்பா அத்தைக்குப் போட்ட கடிதங்கள், ஊறுகாய் ஜாடியில் ஒட்டிய சீட்டு, அம்மாவின் சுலோகப் புத்தகம், எல்லாம் அப்படித்தான். "தமிழில் எழுது" என்றால் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம். தமிழ் எழுத்தை நான் வாசிப்பேன், பஸ் போர்டு வாசிக்கிற வேகத்தில். எழுதக் கை வராது.

அதையும் சொல்லிவிடுகிறேனே. இந்தத் தொடரைக்கூட நான் மலையாள எழுத்தில்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி மகள் அதைத் தமிழில் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புகிறாள். "உங்கள் தமிழ் இனிக்கிறது" என்று கடிதம் போட்ட வாசகர்கள் பாதி இனிப்பை அவளுக்குக் கொடுத்துவிடவும்.

ஆனால் அன்று எனக்கு என் தவறு உடனே உறைக்கவில்லை. வக்கீல் வாய் சும்மா இருக்குமா? "பேச்சி, எழுத்துத்தான் மலையாளம். உள்ளே இருக்கிறது தமிழாக்கும். நான் வாசிக்கிறேன், கேளு" என்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நாலு வரி வாசித்தேன்.

பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்த மேனேஜரும் இப்படித்தாங்க்கா வாசிச்சுக் காட்டுனாரு. நல்ல தமிழ்லதான் வாசிச்சாரு."

எனக்கு அப்படியே வெட்கமாகிவிட்டது. அவளை ஏமாற்றியவனும் அவளுக்கு உதவ வந்த நானும் அவள் கையில் கொடுத்தது ஒரே பொருள்தான், அவளால் படிக்க முடியாத காகிதம். என்னை நம்பு என்று இரண்டு பேரும் கேட்டோம். அவளுடைய உரிமையைப் பற்றி இரண்டு நாளாக ஊருக்கு உபதேசம் செய்த எனக்கு, அந்த உரிமை அவள் கண் வழியாகத்தான் போக முடியும் என்று தோன்றவில்லை.

அவள் எழுதினாள்

"என்னிடம் தப்பு இருக்கு பேச்சி" என்றேன். "எனக்குத் தமிழ் எழுத்து எழுதத் தெரியாது."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்பிள்ளைக்கு அ, ஆ எழுதத் தெரியாது என்பது அவர்களுக்கு மழைநாளில் கிடைத்த நல்ல வேடிக்கை.

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

மகளின் பள்ளி நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, அரிசி டின்னின் மூடிமேல் வைத்து எழுதினாள். நான் "அபேட்சிக்கிறேன்" என்றேன். "அது என்னக்கா?" என்றாள். "கேட்டுக்கறேன்." "அப்ப கேட்டுக்கொள்கிறேன்னே எழுதுதேன்." இப்படி என் கோர்ட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சம்மதக் கடிதம் தண்ணீர்க் குழாய்க்கு என்று சொல்லி வாங்கப்பட்டது. கட்டடம் ஆபத்து என்றால் நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வந்து பாருங்கள், எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள், பழுது பார்த்த பிறகு திரும்பி வர விடுங்கள். என் மனு மூன்று பக்கம். அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் வாசித்துக் காட்டினாள். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. ஒரு பெண் இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கட்டை விரலை நீட்டினாள். மணி மூன்றரை.

கடைசியில் பேச்சியம்மாள் பேனாவை என்னிடம் நீட்டினாள். "நீங்களும் போடுங்கக்கா. உதவி செஞ்சது யாருன்னு இருக்கணும்ல." என் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாள். நான் பார்த்து எழுதினேன். ஐம்பத்தைந்து வயதில் என் பெயரை முதல் தடவையாகத் தமிழில் எழுதினேன். கோணலாக வந்தது, ஆனால் வந்தது.

"மனசிலாயி"

நானும் பேச்சியம்மாளும் ஆட்டோவில் ஈரத்தோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது நாலே கால். கவுண்டரில் இருந்த எழுத்தர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது தமிழல்லே சேச்சீ? மலையாளத்தில் எழுதிக் கொண்டு வரூ."

நான் பையிலிருந்து சின்ன அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்து, முந்நூற்று ஐம்பதைப் பிரித்து வைத்தேன். அவர் நல்ல மனிதர். முழுக்க வாசித்தார். "இங்ஙனெ ஒரெண்ணம் உண்டோ?", இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு, எங்களை உள்ளே அதிகாரியிடம் அழைத்துப் போனார்.

அதிகாரி இளம் பெண். அவரும் பிரிவைப் பார்த்தார். "வாங்கிக்கொள்கிறோம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது?" என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சியம்மாள், "நான் வாசிக்கட்டுமா மேடம்? நான்தான் எழுதுனேன்" என்றாள்.

வாசித்தாள். முதல் இரண்டு வரிக்கு விரல் வைத்துக்கொண்டாள். பிறகு அது தேவைப்படவில்லை. வாசித்து முடித்ததும் எழுத்தர், "முழுவனும் மனசிலாயி" என்றார். முழுவதும் புரிந்ததாம். கொச்சியில் தமிழ் கேட்டுப் புரியாதவர் யார்?

அதிகாரி சம்மதக் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். "இது உங்கள் ஒப்பு அல்லவா?" என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து.

நான் இதற்கு ஒரு நீண்ட பதில் தயாராக வைத்திருந்தேன். பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கை என்னுதுதான் மேடம். வார்த்தை என்னுது இல்ல."

அதிகாரி அதை மலையாளத்தில் அப்படியே எழுதிக்கொள்வதை நான் பார்த்தேன். பிறகு மனுவில் முத்திரை குத்தி, ரசீதை என்னிடம் தராமல் அவளிடம் தந்தார்.

வெளியே வந்ததும் ரம்லாவுக்குப் போன் செய்தேன். இப்போது அவள் வேறு ஊரில் நீதித்துறைப் பணியில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். "ஆ சார்ட்டு இப்போழும் நின்றெ கையில் உண்டோ?" என்று கேட்டாள், அந்தச் சார்ட் இன்னும் என் கையில் இருக்கிறதா என்று. இல்லை. ஹாஸ்டல் சுவரோடு போய்விட்டது.

பிறகு

அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வந்தார்கள். மாடியின் பின்கட்டு உண்மையிலேயே மோசம். முன்கட்டுக்கு முட்டுக்கொடுத்தால் போதும். அதிகாரி எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார், மேனேஜரையும் கேட்டார். ஏதோ ஓர் உலக மகாசபையில், கேட்காமல் யாரையும் தண்டிக்காதே, தலைக்கு மேல் கூரை எல்லோருக்கும் வேண்டும் என்று எழுதிய முகம் தெரியாத மனிதர்களை அன்று நினைத்துக்கொண்டேன். அதை நம் புத்தகத்தில் வாங்கி வைத்து, எந்த மொழியிலும் எழுதலாம் என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். பஜார் ரோட்டில் சுக்குப் புடைக்கிற ஒருத்தியை அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவளுக்கு ஓர் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியை நானே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினேன். தம்பி மகள், "அத்தை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு இருக்கிறது" என்று திருத்தினாள். இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், நான் கோர்ட்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பேச்சியம்மாளின் போன் வந்தது.

"அக்கா, ஆர்டர் வந்துருச்சு."

செருப்பை அவசரமாக மாட்டினேன். "இரு, எதிலும் கையெழுத்துப் போடாதே. இப்பவே வரேன், வந்து வாசிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம்க்கா. கூடவே தமிழ்ல ஒரு நகல் வச்சிருக்காங்க. அவங்க வைக்கணும்னு இல்லையாம், அந்த மேடமே சொல்லி வைக்கச் சொன்னாங்களாம். நான் வாசிச்சிட்டேன். பின்கட்டு நாலு குடும்பத்துக்கு ஓனர் பக்கத்துக் கிடங்குல இடம் குடுக்கணும், பழுது பாத்த பொறவு திரும்பி வந்துரலாம். முன்கட்டு அஞ்சும் இங்கனயே இருக்கலாம். அந்தச் சம்மதக் கடிதம் செல்லாதுன்னு போட்டிருக்கு. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன்."

"செரி, நான் வந்து ஒரு தடவை பார்த்துடட்டுமா?"

"அதுக்கு நீங்க வர வேண்டாம்க்கா. சாயா குடிக்க வாங்க."

என் தொழிலில், இனி நீங்கள் தேவையில்லை என்று என்னிடம் சொன்ன கட்சிக்காரர்கள் பல பேர் உண்டு. அதைக் கேட்டு நான் நன்றி சொன்னது அவள் ஒருத்திக்குத்தான்.